பாத்தியும் பதிவேடும்

புத்தளம் நகரிலிருந்து கொழும்பு வீதியில் தெற்கே சிறிது தூரம் வந்து, பாலாவிச் சந்தியில் மேற்கே திரும்பிக் கற்பிட்டியை நோக்கிச் செல்லும் பாதையின் ஓரத்தில், சோளகம் ஓங்கி வீசும் மாதங்களில், கிடுகு போர்த்துக் குவித்து வைக்கப்பட்டிருக்கும் உப்புக் குவியல்களைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் சென்று வந்தவன் நான். உப்புத்தளம் என்பதே மருவிப் புத்தளம் ஆயிற்று என்று சொல்வோர் உண்டு. சொற்பிறப்பு எவ்வாறாயினும், இவ்வூரின் சரித்திரத்தை உப்பை விலக்கிவிட்டு எழுதுவது எவராலும் இயலாது. மலைநாட்டுக் கண்டி இராச்சியத்துக்கு உப்பு இறங்கிய துறைகளில் இது முதன்மையானது. கரையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அவ்வுப்பையே ஆயுதமாகப் பிடித்துக் கண்டி மன்னனை நெருக்கினர். போர் ஓய்ந்து 1766 ஆம் ஆண்டில் உடன்படிக்கை எழுதப்பட்டபோது, கரையோரம் முழுவதையும் விட்டுக்கொடுக்க நேர்ந்த கண்டியார், சிலாபம் புத்தளம் அளங்களில் தங்கள் குடிகள் உப்பெடுக்கும் உரிமையை விடாது கேட்டுப் பெற்றனர்.

உப்பளம் அமைப்பதில் ஒரு கணக்கு உண்டு; வெளியூரார் அதனை அறியார். களப்பு நீரை வரம்பு கட்டிய நிலத்தில் பாய்ச்சி வெயிலில் விட்டால் உப்பாகிவிடும் என்று அவர்கள் எண்ணுவார்கள். ஆனால், நீரின் அடர்த்தியை அளக்கும் போமே மானியில் கடல்நீர் ஏறத்தாழ 3.5 பாகையே காட்டும். அது வெயிலிலும் காற்றிலும் வற்றி 25 பாகையை எட்டிய பின்னரே கறியுப்பு படியத் தொடங்கும். 29, 30 பாகையைக் கடக்கவிட்டால் மக்னீசிய உப்புகளும் உடன்படிந்து கசப்பேறிவிடுமாதலால், அதற்கு முன்னரே மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். 25 பாகையை எட்டுவதற்குள் நீர் தன் ஆதி அளவில் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே, பத்து ஏக்கர் நிலம் உடையவன் அதில் ஏறக்குறைய ஓர் ஏக்கரை மாத்திரமே உப்பு வாரும் பாத்தியாக வகுத்து, எஞ்சிய ஒன்பது ஏக்கரையும் நீரைத் தேக்கவும் வற்றவைக்கவும் விட்டுவிடுகிறான். பேராசையால் பாத்தியைப் பெருக்கியவனுக்கு முற்றிய நீர் போதாமற்போகும். தேக்கத்தை அளவுக்கு மிஞ்சி வைத்தவனிடம் முற்றிய நீர் இருந்தும் அதை இறக்கப் பாத்தி இராது. களிமண்ணைக் குழைத்து மிதித்து வரம்பு கட்டிய பின்னர் இவ்விகிதத்தை மாற்றுவது எளிதன்று. ஒரு பருவமே வீணாகும். முதல்நாளில் கயிறு பிடித்து நிலத்தை அளக்கும் வேளையிலேயே, இனி வரப்போகும் ஆண்டுகளின் இலாபமும் நட்டமும் பெரும்பாலும் நிர்ணயமாகிவிடுகின்றன.

என் தகப்பனார் ஓர் அளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ஆண்டுதோறும் புதுப் பேரேடு தைத்து வந்ததும், அதன் முற்பக்கங்கள் சிலவற்றைப் பெயர் அட்டவணைக்கென ஒதுக்கிவிடுவார். அட்டவணையில் ஒரு வரிக்கு ஓர் ஆள், அவ்வாளின் பெயருக்கு எதிரே அவனது கணக்கு எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்னும் எண். உள்ளே ஒவ்வோர் ஆளுக்கும் இத்தனை பக்கம் என்று கணித்து, இடையிடையே வெற்றுத்தாள் விட்டு எழுதுவார். அட்டவணைக்கு எத்தனை தாள் விடுவது என்பதிலேதான் அவர் நெடுநேரம் யோசிப்பார். "மகன், தாள் மிஞ்சினால் அடுத்த வருஷத்துக்கு எடுக்கலாம், பெயர் எழுத வரி இல்லாமற் போனால் புத்தகத்தையே மாற்ற வேண்டும்" என்று அவர் சொன்னது எனக்கு அப்போது விளங்கவில்லை. இக்கரையோரத்து அலுவலகங்களின் கணினிகளைப் பராமரிக்கும் உத்தியோகத்துக்கு வந்து, பல ஆண்டுகள் கழிந்த பின்னரே விளங்கிற்று.

கணினித் தட்டில் கோப்புகளை வைக்கும் முறையின் சரித்திரமும், அடிப்படையில், அட்டவணைக்கு எத்தனை தாள் விடுவது என்னும் அந்த யோசனையின் சரித்திரமே. 1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நியூ ஜேர்சி மாநிலத்து மறே ஹில் என்னுமிடத்தில் இருந்த பெல் ஆய்வுகூடத்தில், கென் தொம்சன், டெனிஸ் ரிட்சி, ரட் கனடே என்னும் மூவர், கையிலே தக்க கணினி ஒன்றும் இல்லாத நிலையில், கரும்பலகையிலும் துண்டுக் கடதாசிகளிலுமாக ஒரு கோப்பு முறைமையை வகுத்தனர். ஒதுக்கிப் போடப்பட்டிருந்த பிடிபி-7 என்னும் சிறு யந்திரம் ஒன்று பின்னர் தொம்சனுக்குக் கிடைக்கவே அதில் அது உயிர்பெற்று, யுனிக்ஸ் என்று பெயர்பெற்ற முறைமைக்கு அத்திவாரமாயிற்று. அதன் சாரம் இது: கோப்பின் பெயர் வேறு, கோப்பு வேறு. கோப்பு யாருடையது, எவ்வளவு நீளமுடையது, எப்போது எழுதப்பட்டது, அதன் உள்ளடக்கம் புளொக் எனப்படும் தட்டின் துண்டுகளில் எவையெவற்றில் கிடக்கிறது என்பவற்றையெல்லாம் ஐநோட் எனப்படும் சிறு குறிப்பு ஒன்று தாங்கி நிற்கும். அக்குறிப்புகள் யாவும் தட்டின் தலைப்பகுதியில் வரிசையாக அடுக்கப்பட்டு எண்ணிடப்பட்டிருக்கும். பெயர்ப்பட்டியலோ பெயரையும் அந்த எண்ணையும் மாத்திரம் இணைத்துக் காட்டும். ஐநோட் என்னும் சொல்லின் முதலெழுத்து எதனைக் குறித்தது என்று பிற்காலத்தில் கேட்கப்பட்டபோது ரிட்சிக்கே உறுதியாக நினைவில்லை. அட்டவணை என்னும் பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தாகலாம் என்று ஊகித்துச் சொன்னார். கணக்குப்பிள்ளையான என் தகப்பனாருக்கு அந்த ஊகம் ஒரு கணமும் ஐயத்துக்கு இடமாகியிராது.

எழுபதுகளில் பரவிய யுனிக்ஸின் பெயர்ப்பட்டியலில் ஒரு பதிவுக்கு 16 பைட்டுகளே இடம். அவற்றுள் 2 ஐநோட் எண்ணுக்கு, 14 பெயருக்கு. இரண்டு பைட்டுக்குள் அடங்கும் பெரிய எண் 65,535 ஆதலால், ஒரு கோப்பு முறைமையில் அதற்கு மேற்பட்ட கோப்புகள் இருக்கவே முடியாது. அன்றைய தட்டுகளோ இரண்டு மூன்று மெகாபைட் கொள்ளளவு உடையவை, ஆகவே எவரும் அதைக் குறையாகக் கருதவில்லை. அந்தப் 14 என்னும் எண்ணிலே என் மனம் சற்று நிற்கிறது. உலகத்து மொழிகள் அனைத்தையும் கணினியில் எழுத இன்று வழங்கும் யூடிஎஃப்-8 குறிமுறையை 1992 இல் ரொப் பைக் என்பாருடன் சேர்ந்து வகுத்தவரும் அதே கென் தொம்சனே. அக்குறிமுறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும், உயிர்மெய்க் குறிகளுக்கும் புள்ளிக்குங்கூட, தனித்தனியே 3 பைட்டு வேண்டும். புத்தளம் என்று எழுத 8 குறிகள், 24 பைட்டுகள். அந்தப் பழைய பெயரறைக்குள் அதனைப் புகுத்தினால் 'புத்' என்பதோடு நின்றுவிடும். அறையைக் கட்டியவர்கள் எங்கள் ஊரின் பெயரை வெறுத்தவர்கள் அல்லர். அப்படியொரு பெயர் அங்கு வந்து குடியேறும் என்று அவர்கள் நினைத்துப் பார்க்கச் சந்தர்ப்பமே இருக்கவில்லை. பின்வந்த முறைமைகள் பெயருக்கு 255 பைட்டு கொடுத்துவிட்டமையால் இன்று 85 தமிழ்க் குறிகள் வரை இடமுண்டு. 1834 ஆம் ஆண்டிலேயே இலங்கையின் ஊர்களுக்கெல்லாம் தலைப்பிட்டு அகரவரிசையில் அடுக்கி இலங்கைக் கெசற்றியரை வெளியிட்ட கற்பிட்டி மைந்தர் சைமன் காசிச்செட்டியின் தலைப்புகளுள் எதனையும், தமிழில் எழுதினாலும், இப்போது வெட்டாமல் வைக்கலாம்.

பழைய முறைமையின் குறை வேறொரு வழியில் வெளிப்பட்டது. புதிதாக வகுத்த தட்டில் விநாடிக்கு 175 கிலோபைட் வரை வாசிக்க முடிந்த கணினி, சில வாரங்கள் சாதாரணமாகப் பாவித்ததும் 30 கிலோபைட்டுக்கு இறங்கிவிட்டது. எழுதியும் அழித்தும் வந்ததில் வெற்றிடங்கள் தட்டெங்கும் சிதறிப்போக, ஒரே கோப்பின் துண்டுகள் தட்டின் நாற்புறமும் கிடந்து, வாசிக்கும் முனை ஓய்வின்றி ஓடவேண்டியதாயிற்று. இதனைத் தீர்க்கக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்லி வளாகத்தில் மார்ஷல் கேர்க் மக்குசிக், பில் ஜோய், சாமுவேல் லெஃப்ளர், ரொபர்ட் ஃபாப்ரி ஆகியோர் நிர்மாணித்து, 1983 இல் 4.2 பிஎஸ்டி என்னும் தங்கள் யுனிக்ஸ் வெளியீட்டுடன் உலகுக்கு அளித்த வேகக் கோப்பு முறைமை, இத்துறையின் சரித்திரத்தில் ஒரு யுகத்தைப் பிரிக்கும் எல்லைக்கல் எனலாம். தட்டின் தலையிலே மொத்தமாகக் குவிந்திருந்த ஐநோட்டுகளை அவர்கள் பிரதேசம் பிரதேசமாகப் பங்கிட்டு, ஒவ்வொரு பிரதேசத்திலும் அதற்குரிய அட்டவணையும் அதற்குரிய பொருளும் அருகருகே இருக்கச் செய்தனர். புளொக்கின் அளவை 512 பைட்டிலிருந்து 4,096 க்கும் அதற்கு மேலும் உயர்த்தினர். தட்டில் பத்து வீதத்தை எப்போதும் வெறுமையாகவே வைத்திருக்கும்படி விதித்தனர். இந்தக் கடைசி விதி பலருக்கு வீண்செலவாகத் தோன்றியது. தட்டு முற்றிலும் நிரம்பும் நிலையை நெருங்கினால் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும் என்பதை அவர்கள் அளந்தே அறிந்திருந்தனர். வரம்பின் உச்சி வரை நீர் கட்டும் மூடன் எங்கள் கரையில் இல்லை. ஒரு மழைக்கு இடம் விட்டே கட்டுவார்கள்.

அம்முறைமையில் ஒவ்வொரு 2,048 பைட் இடத்துக்கும் ஓர் ஐநோட் என்னும் விகிதம் வைக்கப்பட்டது. இவ்வளவு ஒருபோதும் தேவைப்படாது என்பதே அதனை வகுத்தோரின் எதிர்பார்ப்பு. விகிதத்தை எவ்வளவு தாராளமாக வைத்தாலும், அது தட்டை வகுக்கும் முதல்நாளிலேயே நிலைத்துவிடுகிறது என்னும் உண்மை மாறவில்லை. பின்லாந்தில் பிறந்த லினக்ஸுக்கென 1993 இல் ரெமி காட் முதலானோர் அமைத்த எக்ஸ்ற்-2 முறைமையும், அதன் வழிவந்து 2001 இல் லினக்ஸில் இடம்பெற்ற எக்ஸ்ற்-3 உம், 2008 இன் இறுதியில் முதிர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்ட எக்ஸ்ற்-4 உம் இவ்விதியையே சுவீகரித்துக்கொண்டன. தட்டுகள் பெருத்தன; கோப்புகளும் பெருக்கும் என்று கருதி, வகுப்போர் எதையும் சொல்லாவிட்டால் 16,384 பைட்டுக்கு ஓர் ஐநோட் என்று விகிதம் தளர்த்தப்பட்டது; வெறுமையாக ஒதுக்கும் பங்கு ஐந்து வீதமாகக் குறைந்தது. ஒதுக்கிய பங்கைப் பின்னரும் கூட்டலாம், குறைக்கலாம். ஐநோட் விகிதத்தை மாத்திரம் மாற்றவே முடியாது. முறைமையைப் பின்னர் நீட்டினாலும், நீட்டிய பகுதிக்கும் பழைய விகிதப்படியே ஐநோட்டுகள் வந்து சேருமேயன்றிக் கூடிவரா.

இது எனக்கு ஒரு மாரிகாலத்து இரவில் நேரிற் கற்பிக்கப்பட்ட பாடம். இக்கரையோரத்தில் ஓர் அலுவலகம், பெயர் வேண்டா. அங்கு மின்னஞ்சல்களைத் தாங்கிய சேவையகத்தை வகுத்தவன் நானே. 40 கிகாபைட் பகுதியொன்றை ஒதுக்கி, எதையும் கேளாமல், வழக்கத்தில் உள்ள விகிதத்தையே ஏற்று வகுத்திருந்தேன். கணக்கிட்டுப் பார்த்திருந்தால், அதில் 2,621,440 ஐநோட்டுகளே கிடைக்கும் என்று தெரிந்திருக்கும். ஒவ்வொரு மடலும் ஒரு தனிக்கோப்பாகச் சேரும் முறை அது. மடல்களோ பெரும்பாலும் ஓரிரு பந்தி எழுத்துகள், ஒரு புளொக்கான 4,096 பைட்டுக்குள் அடங்குபவை. அத்தகைய சிறு மடல்கள் 26 இலட்சம் சேர்ந்தால் நிரப்பும் இடம் 10 கிகாபைட், அதாவது தட்டில் கால் பங்கு. மடல் வரவில்லை என்று அன்று மாலை அழைத்தார்கள். போய்ப் பார்த்தேன், சேவையகம் 'தட்டில் இடமில்லை' என்று விடாது முறையிட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு இடம் எஞ்சியிருக்கிறது என்று கேட்கும் டிஎஃப் கட்டளையை இட்டேன். பாதிக்கு மேல் வெறுமை என்றது. தட்டு பழுதோ, வலைத்தொடர்பில் கோளாறோ என்று இரண்டு மணிநேரம் வேறு திக்குகளில் அலைந்த பின்னர், ஐநோட்டுகளை எண்ணச் சொல்லும் குறியைச் சேர்த்து அதே கட்டளையை மறுபடி இட்டபோது திரையில் 100 வீதம் என்று விழுந்தது. தாள் இருந்தது, பெயர் எழுத வரி இல்லை.

புத்தகத்தை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. இருபத்தாறு இலட்சம் சிறு கோப்புகளையும் வேறொரு தட்டுக்குப் பிரதி செய்து, பழையதை அழித்து, 4,096 பைட்டுக்கு ஓர் ஐநோட் என்று புதிதாக வகுத்து, மறுபடி கொண்டுவந்து நிரப்ப வேண்டும். பெரிய கோப்பு ஒன்றைப் பிரதி செய்வது கூடையில் வாரிக் கொட்டுவது போன்றது; சிறு கோப்புகளைப் பிரதி செய்வதோ உப்பை ஒவ்வொரு பரலாகப் பொறுக்கி எடுப்பது போன்றது. வெளியே வாடையுடன் வந்த மழை தகரக் கூரையில் இரைந்துகொண்டிருக்க, மின்சாரம் நின்றுவிடுமோ என்னும் அச்சத்துடன் விடியும்வரை திரையைப் பார்த்திருந்தேன். விகிதத்தை அவ்வாறு நெருக்கியதற்கு விலையும் உண்டு: ஓர் ஐநோட் 256 பைட் இடம் கொள்வதால், முன்பு தட்டில் 64 இல் ஒரு பங்கை உண்ட அட்டவணை இப்போது 16 இல் ஒரு பங்கை, அதாவது 40 கிகாபைட்டில் இரண்டரையை உண்டது. ஒன்றுக்கு ஒன்பது என்று நிலத்தைப் பங்கிட்ட அளக்காரனின் சங்கடமே இதுவும். அட்டவணைக்கு அள்ளிக் கொடுப்பது பொருளின் இடத்தைச் சுருக்கியே ஆகும்.

விகிதம் முதல்நாளிலேயே நிலைத்துவிடும் இத்தளையை அறுக்க முயன்றவர்களும் உண்டு. சிலிக்கன் கிராஃபிக்ஸ் நிறுவனத்தார் 1994 இல் வெளியிட்ட எக்ஸ்எஃப்எஸ் முறைமையில் ஐநோட்டுகள் முன்கூட்டியே அடுக்கப்படுவதில்லை. தேவை எழும்போதெல்லாம் வெற்றிடத்திலிருந்து வெட்டிக் கொள்ளப்படுகின்றன. சன் நிறுவனத்தின் ஜெஃப் பொன்விக் தலைமையில் உருவாகி 2005 இல் வெளிவந்த இசட்எஃப்எஸ், பல தட்டுகளை ஒரே நீர்த்தேக்கம் போலச் சேர்த்து, எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு என்பதை வேண்டும்போது பங்கிட்டுக்கொள்ளும் வழியைக் காட்டியது. லினக்ஸிலோ 1998 இல் ஹைன்ஸ் மவுல்ஸ்ஹாகன் என்பார் எழுதிய எல்விஎம் என்னும் ஏற்பாடு, ஒரு தட்டு நிரம்பினால் இன்னொன்றைப் பக்கத்தில் இணைத்து, கோப்பு முறைமை ஓடிக்கொண்டிருக்கும்போதே நீட்டிக்கொள்ள வகைசெய்தது. அயல் நிலத்தை வாங்கி இடைவரம்பை வெட்டிவிடுவதற்கு அதனை ஒப்பிடலாம். இவை பெரும் உபகாரங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் முதல்நாள் யோசனையை இவை முற்றாக நீக்கிவிட்டன என்று சொல்வோருடன் நான் உடன்படேன். எக்ஸ்எஃப்எஸ் முறைமை நீளும், பொதுவாகச் சுருங்காது. அளவு மிஞ்சி வகுத்துவிட்டால் திரும்பப் பெறுவதற்கு மறுபடியும் அந்தப் பிரதி செய்யும் இரவே கதி. எக்ஸ்ற்-4 உம், பிற்கால வளர்ச்சிக்கென வகுக்கும்போதே சிறிது இடம் ஒதுக்கி, ஆதி அளவின் 1,024 மடங்கு வரை நீளத் தன்னை ஆயத்தம் செய்துகொள்கிறது. மிகச் சிறிதாகத் தொடங்கியவன் அந்த எல்லையிலும் முட்டிக்கொள்வான். கட்டுக்கட்டாக எழுதப்படும் குறிப்பேடுகள், வந்துகொண்டே இருக்கும் மடல்கள், பாவனையாளரின் சொந்தக் கோப்புகள் ஆகிய மூன்றையும் தனித்தனிப் பகுதிகளில் வைக்கும் பழைய வழக்கத்தையும் பலர் இன்று கைவிட்டுவிட்டனர், நான் விடவில்லை. ஒரு தேக்கத்தில் வெள்ளம் புகுந்தால் மற்றப் பாத்திகளின் உப்பும் கரையாதிருக்கவே இடைவரம்புகள் கட்டப்படுகின்றன.

ஐநோட்டின் அளவிலும் காலம் ஒளிந்திருக்கிறது. யுனிக்ஸ் தன் நாட்களை 1970 சனவரி 1 ஆம் திகதியிலிருந்து விநாடிகளாக எண்ணுகிறது. பழைய எண்ணறைக்குள் அவ்வெண்ணிக்கை 2038 சனவரி 19 வரைதான் அடங்கும். 128 பைட் ஐநோட்டுகளில் அதற்கு மேல் எழுத இடமில்லை. 256 பைட்டாக விரித்தபோது கூடுதலாகக் கிடைத்த இடத்தால் எக்ஸ்ற்-4 இன் நாட்காட்டி 2446 ஆம் ஆண்டு வரை நீண்டது. பழைய அளவில் வகுக்கப்பட்டு எங்கோ ஒரு மூலையில் தூசு படிந்து ஓடிக்கொண்டிருக்கும் சேவையகங்கள் இக்கரையோரத்திலும் இருக்கக்கூடும். அவற்றைத் தேடிப் பார்ப்பதற்குக் காலம் இன்னும் இருக்கிறது.

எந்தக் கணக்கும் எட்டாத வளர்ச்சியும் உண்டு என்பதை இம்மாவட்டத்தார் அனுபவத்தில் அறிவர். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் தங்கள் ஊர்களிலிருந்து ஒருசேர வெளியேற்றப்பட்டு, உடுத்த துணியும் சொற்பப் பணமுமாகக் கால்நடையாகவும் படகிலுமாகக் கற்பிட்டியிலும் புத்தளத்திலும் வந்து இறங்கியபோது, இங்கிருந்த கிணறுகளும் பள்ளிக்கூடங்களும் வைத்தியசாலைகளும் வேறொரு தொகைக்கு அமைக்கப்பட்டவையாக இருந்தன. எவருடைய திட்டத்திலும் அந்த வரவு எழுதப்பட்டிருக்கவில்லை. இருந்தவர்கள் வந்தவர்களுக்குத் தென்னந்தோப்புகளிலும் வெறுங்காணிகளிலும் இடம் விட்டனர். மிச்சம் என்று அதுவரை எண்ணப்பட்ட நிலமே அன்று உயிர் காத்தது. தட்டில் வெறுமையாக விடும் பங்கைப் பற்றி எவரேனும் என்னிடம் வீண் என்று சொல்லும்போது, அந்தத் தென்னந்தோப்புகளை நான் நினைத்துக்கொள்கிறேன்.

தகப்பனாரின் கடைசிப் பேரேடு என் மேசையில் இருக்கிறது. அதில் அட்டவணைக்கு அவர் விட்டிருந்த எட்டுத் தாள்களில் ஐந்தில் பெயர்கள் நிரம்பியுள்ளன, மூன்று வெறுமை. புதுத் தட்டு ஒன்று கைக்கு வந்தால், வகுக்கும் கட்டளையை இடுவதற்கு முன், அந்த வெற்றுத்தாளில் நான் சில வரிகள் எழுதுகிறேன்: இதில் வரப்போகும் கோப்புகளின் சராசரி அளவு என்ன, ஐந்தாண்டில் அவை எத்தனை ஆகலாம், ஒரு கோப்பு எத்தனை புளொக் கொள்ளும், ஆகவே ஐநோட் ஒன்றுக்கு எத்தனை பைட். சென்ற மாதம் எழுதிய வரியில் 8,192 என்று இருக்கிறது.